வெள்ளிக்கிழமைவரை விட்ட அழைப்பு

பிறிஜெற் மறுபடியும் நாற்காலியைச் சுழற்றிப் பின்னால் பார்க்கிறாள். சுவரோரத் தட்டில் ஒரு கறுப்புப் பெட்டி. அதன் முகப்பில் விரலகலத்துக்கு ஒரு சின்னத் திரை. அதில் ஓடி மறைந்த எழுத்துகளை வாய்க்குள் முணுமுணுத்தபடி முன்பக்கம் திரும்பி, மேசையிலுள்ள கணினியிலும் அதே சங்கதி வந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். வந்திருக்கிறது: ஒரு நகைக்கடையின் பின்கதவு திறந்து கிடக்கிறது. அதற்குப் பிறகுதான் தொலைபேசியை எடுக்கிறாள். பக்கத்து மேசைக்காரர்கள் ஒரு காலத்தில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை.

கொள்ளுப்பிட்டியில், காலி வீதியைப் பார்த்த கட்டடமொன்றின் மேல்மாடியில் இருக்கிறது அவள் வேலை செய்யும் அலாரம் கண்காணிப்பு நிலையம். வீடுகளிலும் கடைகளிலும் பூட்டிய அலாரங்கள் அடித்தால் செய்தி முதலில் வந்து சேர்வது அந்தக் கறுப்புப் பெட்டிக்கு. 'ரிசீவர்' என்கிறார்கள். அது வாடிக்கையாளரின் இலக்கத்தையும், என்ன நடந்தது என்பதற்கான குறியீட்டையும் கணினியிலுள்ள மென்பொருளிடம் கொடுக்கும். மென்பொருள் 'கிடைத்தது' என்று பதில் சொல்லிவிட்டு, இலக்கத்தைப் பெயரும் விலாசமுமாக மாற்றித் திரையில் காட்டும். பதில் வராவிட்டால் பெட்டி கத்தத் தொடங்கிவிடும்.

"ஒரு வேலையும் இல்லாத நேரத்திலயும் ரெண்டும் சும்மா இராது," என்றாள் பிறிஜெற் ஒருநாள் என்னிடம். "'இருக்கிறியா, இருக்கிறியா' எண்டு ஒண்டையொண்டு கேட்டுக்கொண்டே இருக்கும். புருசன் பெஞ்சாதி கூட அப்பிடிக் கேக்காதுகள்."

கொட்டாஞ்சேனையில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கிறாள். நாற்பதைத் தாண்டியவள். யாருக்கு அழைப்பெடுத்தாலும் முதல் வார்த்தை ஒன்றுதான். எனக்கும் அப்படித்தான் எடுப்பாள்: "பயப்பிடாதீங்கோ, பிறிஜெற் கதைக்கிறன். உங்கட தண்ணி டாங்க் நிரம்பி வழியுது."

அவளிடம் இருந்து அந்த முதல் வார்த்தையை வாராவாரம் கேட்டவர் கனகசபாபதி. ஓய்வுபெற்ற நில அளவையாளர், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் தனியாக இருந்தார். ரொறொன்ரோவில் இருக்கும் மகள் ரதி அலாரம் பூட்டுவித்து, கழுத்தில் போட ஓர் அவசர பட்டனும் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்வந்ததும் அவர் அதை ஒருமுறை அழுத்துவார். திரையில் வரும். பிறிஜெற் எடுப்பாள்.

"பயப்பிடாதீங்கோ ஐயா. பட்டன் அமத்தினீங்களா?"

"ஓம் பிள்ளை. வேலை செய்யுதோ எண்டு பார்த்தனான்."

பிறகு மழை, பாரை மீன் விலை, லிஃப்ட் பழுதானது என்று கதை போகும். "அவர் செக் பண்றது பட்டனை இல்லை, என்னை," என்று பிறிஜெற் சிரிப்பாள்.

சென்ற ஆண்டு நிலையத்தில் மென்பொருளை மாற்றினார்கள். மாற்றிய கையோடு மேற்பார்வையாளர் நிலாம் எல்லாரிடமும் ஒரு வேலையைக் கொடுத்தார். அவசர பட்டன் வைத்திருக்கும் முதியவர்களுக்கு அழைப்பெடுத்து, ஒருமுறை அழுத்தச் சொல்லி, திரையில் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறிஜெற் தன் பங்குக்கு வந்தவர்களுக்கெல்லாம் எடுத்தாள். கனகசபாபதியை மட்டும் விட்டாள். வெள்ளிக்கிழமை எப்படியும் அவரே அழுத்துவார். இப்போது எடுத்தால் கதை நீளும்.

அந்த வாரமே புதன்கிழமை மத்தியானம் அவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். பட்டனை அழுத்தினார், திரும்பத் திரும்ப அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலும் பெட்டிக்கு வந்தது. பெட்டி அதை மென்பொருளிடம் கொடுத்தது. அவர் வீட்டு அலாரம் பழைய வகை. அதன் அவசரக் குறியீட்டைப் புதிய மென்பொருள் 'பரிசோதனை' என்று வாசித்தது. பரிசோதனைகளை அது திரையில் காட்டுவதில்லை. 'கிடைத்தது' என்று மட்டும் பதில் சொன்னது. பதில் கிடைத்துவிட்டதால் பெட்டியும் கத்தவில்லை. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிறிஜெற் சோற்றுப் பார்சலைப் பிரித்திருந்தாள்.

மாலையில் சமைக்க வந்த பெண்தான் அவரைக் கண்டாள். உயிர் தப்பியது. வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் பேச்சாவது மிஞ்சியிருக்கும் என்றார் வைத்தியர்.

நிலையத்தில் பெட்டியின் பதிவைப் பார்த்தபோதுதான் நடந்தது தெரிந்தது. "நீங்க மகளோட ஒண்டும் கதைக்கப் போகாதீங்க, பிறிஜெற்," என்றார் நிலாம். "ஒபிஸால பதில் குடுப்பாங்க." சொல்லும்போது அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் தகப்பனின் போனில் பிறிஜெற்றின் சொந்த இலக்கமும் இருந்தது. ரதி நேரே அவளுக்கே எடுத்துவிட்டாள்.

"அப்பா பட்டனை அமத்தேல்லையோ, அக்கா?"

"அமத்தினவர், தங்கச்சி. எங்கட பெட்டிக்கு வந்தது. எங்கட கண்ணுக்கு வரேல்ல."

ரதி மெதுவாகச் சொன்னாள்: "நான் அவரைத்தான் ஏசிக்கொண்டிருந்தனான். பட்டனை எங்கயோ கழட்டி வச்சிட்டார் எண்டு."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. மென்பொருளில் அந்தப் பிழையைத் திருத்தினார்கள். உண்மையைச் சொன்னதற்காகப் பிறிஜெற்றுக்கு வரவிருந்த பதவி உயர்வு நின்றுபோனது. அதைப் பற்றி அவள் கதைப்பதில்லை. "சொன்னதில எனக்குக் கவலை இல்லை," என்றாள். "சொல்லாம விட்டதுதான் கிடந்து அரிக்குது. எடுக்கச் சொல்லியும் நான் எடுக்கேல்ல எண்டு அந்தப் பிள்ளைக்குச் சொல்லேல்லையே."

ரதி வந்து தகப்பனை ஹெந்தளையில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசை முடிந்ததும் பிறிஜெற் அங்கே போகிறாள். போன மாதம் ஒருநாள் நானும் கூடப் போனேன்.

கனகசபாபதி தலையணைகளில் சாய்ந்திருந்தார். நன்றாகச் சவரம் செய்த முகம், ஒரு பக்கம் இறங்கிய வாய். எங்களைக் கண்டதும் கண்கள் விரிந்தன. பிறிஜெற் கட்டிலருகே இருந்து, கொண்டுவந்த பப்பாசியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி ஊட்டத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள்.

"ஐயா, அந்தக் கிழமை உங்களுக்கும் எடுத்துப் பட்டனை அமத்தச் சொல்லிப் பார்க்கச் சொன்னவங்கள். நான்தான் எடுக்கேல்ல. வெள்ளிக்கிழமை நீங்களே அமத்துவீங்கள் எண்டு விட்டிட்டன். எடுத்திருந்தா நீங்க விழமுந்தியே பிழை தெரிஞ்சிருக்கும்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது பக்க உதடு அசைந்தது. சொல் எதுவும் வரவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். கேட்டதா, கோபமா, களைப்பா, எனக்குத் தெரியவில்லை.

கிண்ணத்தில் கொஞ்சம் பப்பாசி மிஞ்சியிருந்தது. பிறிஜெற் ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து அவர் வாயருகே கொண்டுபோனாள். உதடுகள் திறக்கவில்லை. அவள் கையை இறக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.