பின்னால் நீண்ட கை

கதை விடுகிறேன் என்று நினைத்தால், நேரே காட்டுப்பள்ளிக்குப் போய்க் கங்கம்மாவின் சாமி மாடத்தைப் பாருங்கள். விளக்குக்குப் பக்கத்தில் ஒரு கல் இருக்கும். பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள்.

கங்கம்மாவின் கொழுந்தன் முனிகிருஷ்ணன். இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி வாசலில் வாட்ச்மேன். அவன் வாயால் சொன்னதைத்தான் சொல்கிறேன். பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். அண்ணன் துலுக்காணம் ஏரியோடு இருந்துவிட்டார். தம்பிக்கு ஊர் சுற்றும் பித்து. சரக்குக் கப்பலில் சேர்ந்துவிட்டான். கிளம்பும்போதெல்லாம் அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்பார். “போற ஊர்லேர்ந்து எனுக்கு இன்னாடா எட்தாருவ?”

1974 மார்ச்சில் கப்பல் துனீசியா நாட்டின் காபெஸ் துறைமுகத்தில் சரக்குக்காக மூன்று நாள் நின்றது. அப்படி ஒரு நாடு ஆப்பிரிக்காவின் வடக்கே இருப்பதே நம் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? முனிகிருஷ்ணன் விடுவானா? கப்பல் சமையல்காரர் தணிகாசலத்தை இழுத்துக்கொண்டு, வாடகை வண்டியில் ஊர் பார்க்கப் புறப்பட்டான்.

அன்று 17ஆம் தேதி, ஞாயிறு. வழியில் ஒரு பெரியவர் பாலைவனத்துக் கல் விற்றார். அசல் ரோஜாப்பூ மாதிரி இதழ் இதழாக இருந்தது. மணலே அப்படிப் பூக்குமாம். அண்ணனுக்கென்று ஒன்று வாங்கி, அடியில் பேனாக்கத்தியால் குட்டி மீன் ஒன்றைக் கீறினான்.

பதினொன்றரைக்கு உப்பு ஏரி வந்தது. கண்ணுக்கு எட்டிய மட்டும் வெள்ளை. மேலே உப்பு ஓடு, அடியில் சேறு. உள்ளே போகாதே என்று டிரைவர் ஜாடை காட்டினார்.

“ஏரிக்காரனுக்கே ஏரிய காட்டுறாரு பாரு,” என்று சிரித்தான் முனிகிருஷ்ணன்.

“உச்சி வேளடா. பேஜாரு பண்ணாம சீக்கிரம் வா,” என்றார் தணிகாசலம்.

கல்லைக் கையில் பிடித்தபடியே நடந்தான்.

பன்னிரண்டு பத்து. திரும்பிப் பார்த்தான். வண்டி இல்லை. கானல் மறைத்துவிட்டது. நாலா பக்கமும் ஒரே வெள்ளை. ஓடு கெட்டியாக இருந்ததால் அவன் வந்த தடம்கூடப் பதியவில்லை. முதல்முறையாக அவனுக்குப் பயம் வந்தது.

அப்போதுதான் அந்தத் தடங்களைப் பார்த்தான். வெறுங்கால் தடம். கறுப்பாக, ஈரமாக. நூறு அடி முன்னால் ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தார்.

பழவேற்காட்டில் சேற்றைக் கடக்க ஒரு முறை உண்டு. முன்னே போகிறவர் வழி பார்ப்பார். பின்னே வருகிறவன் அவர் வைத்த அடியிலேயே அடி வைப்பான். முன்னவர் திரும்பவே கூடாது. திரும்பினால் ஒரே காலில் பாரம் இறங்கும், சேறு பிடித்துக்கொள்ளும். முனிகிருஷ்ணன் யோசிக்காமல் அந்தத் தடத்தில் கால் வைத்தான். பேய்க்குத்தான் கால் தரையில் படாதே! தடம் இருக்கிறது, அப்படியானால் மனுஷன்தான். இப்படித் தன்னைத் தானே தேற்றிக்கொண்டான்.

சளக்... சளக்...

காய்ந்த உப்பில் இந்தச் சத்தம் எப்படி வரும்?

பன்னிரண்டு முப்பது. முன்னே போகிற ஆளை நெருங்கிவிட்டான். ஒரு வாடை வந்தது. பாசியும் நண்டும் அழுகிய சேற்று வாடை. அவன் ஊர் வாடை.

குனிந்து பார்த்தான். வலது காலில் நாலு விரல்தான் பதிந்திருந்தது.

துலுக்காணத்துக்கு வலது சுண்டுவிரல் கிடையாது. திருக்கை மீனின் முள் குத்தி, எடுத்துவிட்டார்கள்.

“அண்ணா...?”

ஆள் நின்றார். திரும்பவில்லை.

பயத்தில் ஓர் அடி தள்ளி வைத்துவிட்டான்.

படீர்!

தொடை வரை. இடுப்பு வரை...

ஒரு கை நீண்டது. பின்பக்கமாக. திரும்பாமலே.

கல்லோடு சேர்த்து அதைப் பற்றினான். சில்லென்று இருந்தது...

“கால ஒதறாதடா.”

அண்ணன் குரல்.

கண் விழித்தபோது வண்டி பத்தடியில் நின்றது. சேறு புகுந்த வாட்ச் பன்னிரண்டு நாற்பதில் நின்றிருந்தது.

தணிகாசலம் ஓடி வந்தார். “யாராண்டடா கைய நீட்டிக்கினு வந்த? முன்னால ஒருத்தரும் இல்லியே!”

கையில் கல் இல்லை.

ஜூனில்தான் ஊருக்கு வந்தான். வீட்டிலிருந்து போட்ட கடிதம் எந்தத் துறைமுகத்திலும் அவன் கைக்கு வந்து சேரவில்லை. வாசலில் கங்கம்மா வெறும் நெற்றியோடு நின்றாள்.

“எப்ப அண்ணி?”

“பங்குனி நாலு. ஞாயித்துக்கெயம. அஞ்சு மணி சங்கு ஊதி பத்து நிமிசம் இருக்கும். ஏரி சேறு முழுங்கிடுச்சி.”

கப்பல்காரனுக்கு நேரக் கணக்குத் தெரியும். இங்கே சாயங்காலம் ஐந்து பத்து என்றால், அங்கே பகல் பன்னிரண்டு நாற்பது.

அன்று துலுக்காணத்துக்குப் பின்னால் நடந்து போனவர் பக்கத்து வீட்டுச் சடையப்பன். அவர்தான் மெதுவாகச் சொன்னார். “நல்லாத்தான் நடந்துகினு இருந்தாரு. திடீர்னு நின்னு, திரும்பாமயே கைய பின்னால நீட்டினாரு. எனுக்குன்னு நெனச்சி கிட்ட போனேன்... எனுக்கு இல்ல. யாரையோ இழுத்தாரு. இழுக்க இழுக்க, அவரு உள்ள எறங்கிட்டாரு.”

கங்கம்மா சாமி மாடத்திலிருந்து எதையோ எடுத்து வந்தாள்.

“சேத்துலேர்ந்து வெளிய எடுத்தப்ப விரல பிரிக்கவே முடியல. இத்த கெட்டியா புடிச்சினு இருந்தாரு. நம்ம ஏரில ஏது முனி இந்த மாரி கல்லு? யாரு குட்த்திருப்பாங்க?”

ரோஜாப்பூ. வாங்கிப் புரட்டினான். அடியில் குட்டி மீன்.

அண்ணிக்கு அவன் இன்றுவரை பதில் சொல்லவில்லை. கல்லைப் பார்க்கப் போகிறவர்களும் தயவுசெய்து அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.