கருவாட்டுத்தூளும் தார்ப்பாயும்

அரூர் பக்கம், கோழித்தீவனத்தில் சேர்க்கும் கருவாட்டுத்தூளைப் பக்குவப்படுத்தும் சிறிய ஆலையில் தரம் பார்ப்பது என் வேலை. தூளை நீராவியில் வேகவைத்த பிறகும் பரிசோதனையில் சால்மோனெல்லா கிருமி தென்பட்டது. மறுபடி வந்தால் சரக்கே வேண்டாம் என்று தீவனக் கம்பெனி சொல்லிவிட்டது.

"இன்னும் சூட்டை ஏத்துங்க சார், எது உசுரோட இருக்குதுன்னு பாத்துடலாம்" என்றார் முதலாளியம்மா. ஏற்றினோம். தூள் கருகியதுதான் மிச்சம்.

ஒரு மதியம், வெந்த குவியலை மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கினேன். அதன் உட்புறம் வியர்த்திருந்தது. நீர் சொட்டிய இடங்களில் தூள் கட்டி தட்டிக் கிடந்தது. முதலாளியம்மாவை அழைத்துக் காட்டினேன்.

"தொறந்து போட்டா மைனா வந்து எச்சம் போடுமே. அதுல கிருமி இல்லீங்களா?"

"இருக்குதுங்க. ஆனா சூட்டோட மூடுனா உள்ள ஈரம் கட்டுது. ஒட்டிக்கிட்டு வர்ற ஒண்ணு ரெண்டு கிருமியும் அதுலதான் பெருகுது. மைனா வராம வலை அடிச்சுட்டு, தூளைத் தொறந்து ஆற விடலாங்க."

"அப்ப மைனாவுக்கு வலை, தூளுக்குக் காத்தா? நல்லா உபசாரம் பண்றீங்க."

சூடு அந்த நேரத்துக் கிருமியைத்தான் கொல்லும். பிறகு வருவதைத் தடுக்காது. இது எனக்கும் தெரியும். ஆனாலும் கொதிகலனையேதான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வலை அடித்தோம். தூள் முழுக்க ஆறிய பிறகே மூட்டை பிடித்தோம். அடுத்து அனுப்பிய மாதிரி பரிசோதனையில் தேறியது, கம்பெனி சரக்கை எடுத்துக்கொண்டது. லாரி தாமதமாகக் கிளம்புகிறதே என்று முதலாளியம்மா இன்றும் முணுமுணுக்கிறார். தார்ப்பாயை மட்டும் மறுபடி போடச் சொல்வதில்லை.