மனைக்காரர் அனுப்பிய கார்

எண்பதுகளின் தொடக்கம். திருச்சியில் பெரிய வெள்ளம் வந்து போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, திருச்சியில் நகரத் திட்ட வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்க யாராவது அனுமதி கேட்டால், நேரில் போய் இடத்தைப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல் ஏறிவிடுகிற எனக்கு இப்படி ஒரு வேலையா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

விண்ணப்பம் போட்டவரிடம் காபிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது என்று பயிற்சியின்போது சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் இடத்தைப் பார்க்க எதில் போவது என்று யாரும் சொல்லவில்லை. அலுவலக ஜீப் எப்போதும் மேலதிகாரிகளோடு வெளியூரில் இருக்கும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். மனை போடுகிறவரே கார் அனுப்புவார், நாங்கள் ஏறிக்கொள்வோம். காபியை மறுத்துவிட்டுக் காரில் ஏறுகிறோமே என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. எனக்கும் தோன்றவில்லை.

அந்த ஆடி மாதம் வந்த விண்ணப்பம், கரூர் ரோட்டில் குடமுருட்டிப் பாலத்தைத் தாண்டி இருந்த ஒரு நிலத்துக்கு. பழைய வரைபடத்தில் அதன் நடுவே ஒரு வடிகால் வாய்க்கால் ஓடியது. மனைக்காரர் கொடுத்த வரைபடத்தில் வாய்க்காலைக் காணோம், அந்த இடத்தில் வீடுகள்தான் இருந்தன. வெள்ளத்தின்போது அந்தப் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று ஊரே அறியும். வாய்க்காலை அடைத்து வீடு கட்டினால், அடுத்த வெள்ளம் நேராக அந்த வீடுகளுக்குள்தான் போகும்.

ஞாயிற்றுக்கிழமைதான் கார் கிடைக்கும் என்றார் மனைக்காரர். சர்வேயர் நேராக இடத்துக்கு வந்துவிடுவார் என்றும் சொன்னார். காலையில் வாசலில் அம்பாசிடர் வந்து நின்றது. முன் சீட்டில் மனைக்காரர், வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. நான் பின்னால் தனியாக உட்கார்ந்தேன்.

குடமுருட்டிப் பாலம் வந்தது. நிலமும் வந்தது, அங்கே சர்வேயர் யாரையும் காணோம். கார் நிற்கவில்லை.

"சார், இடம் தாண்டிடுச்சு" என்றேன்.

"இருக்கட்டும்மா. வரும்போது பாத்துக்கலாம்" என்றார், திரும்பாமலே.

டிரைவர் கண்ணாடி வழியாக ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். வலப்பக்கம் காவிரி கரை தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் எங்கே போகிறேன் என்று வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டு வந்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். இடம் பார்க்க என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"தண்ணி நல்லா போகுது. உங்களுக்கு நீச்சல் தெரியுமாம்மா?" என்று கேட்டார்.

எனக்கு நீச்சல் தெரியாது. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எங்காவது கார் மெதுவாகப் போனால் குதித்துவிடலாமா என்று பார்த்தேன். மெதுவாகவே போகவில்லை. தெரிந்த சாமிகள் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டேன்.

கார், காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு அணைப் பூங்காவில் போய் நின்றது. இறங்கினால், மரத்தடியில் ஜமுக்காளம் விரித்துப் பத்துப் பதினைந்து குடும்பங்கள். குழந்தைகள், டிபன் கேரியர்கள், கழுத்தில் கேமரா தொங்க ஒரு போட்டோக்காரர். எனக்கு உயிர் வந்தது. என் பயத்தை நினைத்து எனக்கே சிரிப்புகூட வந்தது.

"எல்லாரும் நம்ம மனைக்கு அட்வான்ஸ் குடுத்தவங்கம்மா" என்று சொல்லிவிட்டு, மனைக்காரர் அவர்கள் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினார். "நம்ம மனைக்கு அனுமதி குடுக்கிற ஆபீசர் அம்மா இவங்கதான். நம்மளோட சாப்பிடணும்னு வந்திருக்காங்க. இனி யாரும் பயப்பட வேண்டாம், மீதியையும் கட்டிடுங்க."

எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஒரு பெண் ஓடி வந்து என் கையில் லட்டை வைத்து, "உங்க புண்ணியத்துல எங்களுக்கும் ஒரு வீடு" என்றாள். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் படம் எடுத்தார்.

காரில் பட்ட பயம் ஒன்றுமே இல்லை என்று அப்போது தெரிந்தது. நான் வாயைத் திறக்காமல் நின்றால், இத்தனை பேரும் என்னை நம்பித் தண்ணீர் வரும் வழியில் வீடு கட்டுவார்கள். திறந்தாலோ, திரும்பிப் போக இந்த மனிதரின் காரைத் தவிர வேறு வழி தோன்றவில்லை.

"நான் இன்னும் இடத்தையே பாக்கலைங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "அனுமதி எதுவும் குடுக்கலை. அந்த நிலத்துல வாய்க்கால் போகுது. அதைப் பாக்கத்தான் கிளம்பினேன். தயவுசெஞ்சு மீதியைக் கட்டாதீங்க."

மனைக்காரர் சிரித்தார். "அம்மா தமாஷ் பண்றாங்க."

லட்டு கொடுத்த பெண்ணின் கணவர் முன்னால் வந்தார். ரயில்வேயில் வேலை என்று பிறகு தெரிந்துகொண்டேன். கோபமாக இல்லை, புரியாமல்தான் கேட்டார். "நீங்க இவர் கார்லதானேம்மா வந்தீங்க?"

இத்தனை நாள் காரில் ஏறி இறங்கியவளுக்கு அந்தக் கேள்வி ஒரு நாளும் தோன்றாமல் போனதே என்று அழுகையாக வந்தது.

மனைக்காரர் என் அருகில் வந்து, "வாங்கம்மா, வீட்டுலயே கொண்டுபோய் விட்டுடறேன்" என்று கதவைத் திறந்தார். குரலில் அத்தனை மரியாதை. அந்த மரியாதைதான் என்னை நடுங்க வைத்தது. "வேண்டாங்க" என்று சொல்லிவிட்டு நடக்க ஆரம்பித்தேன். கொள்ளிடத்தின் மதகுப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போய்விட்டால் முசிறியிலிருந்து திருச்சி போகும் பஸ் வரும் என்பது மட்டும் நினைவில் இருந்தது.

பாலத்தில் ஏறியதும் மதகுகளின் இரைச்சலில் வேறு எதுவும் கேட்கவில்லை. காலுக்குக் கீழே தண்ணீர் நுரைத்துப் பாய்ந்தது. பாதி தூரத்தில் யாரோ பின்னால் வருவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவும் பயம், நிற்கவும் பயம். டிரைவராகத்தான் இருக்கும் என்று கைப்பிடிச் சுவரை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

வந்தவள் லட்டு கொடுத்த பெண். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்களுக்கு அந்த மனை கிடைச்சா வீடு கட்டுவீங்களா?"

"மாட்டேன்."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு வந்த வழியே திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் மேலதிகாரியிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கார்ல போயிருக்கீங்க, போட்டோ வேற. இனிமே இந்த ஃபைலை நீங்க தொடக் கூடாது" என்று வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். அவர் செய்தது சரிதான். ஆனால் ஒரே வாரத்தில் என் மேல் புகார் வந்தது. நான் மனைக்காரரிடம் எதையோ எதிர்பார்த்ததாகவும், அது கிடைக்காத ஆத்திரத்தில் மக்களைக் குழப்பிவிட்டதாகவும். கூடவே நான் லட்டும் கையுமாக நிற்கும் படம்.

விசாரணை நாள் வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. தபால்காரர் மணி அடித்தால் உள்ளே போய்விடுவேன். வேலை போனால் போகட்டும், லஞ்சம் கேட்டவள் என்ற பெயரோடு போக வேண்டுமா என்பதுதான் என் பயமெல்லாம். கேலி செய்கிற என் வீட்டுக்காரரும் அந்த நாட்களில் கேலி செய்யவில்லை.

விசாரணையன்று, மனைக்காரர் போட்ட புகாரைக் கேள்விப்பட்டு, நான் கூப்பிடாமலே அந்த ரயில்வேக்காரர் மனைவியோடு வந்து நின்றார். விசாரித்த அதிகாரி, "இவங்க அவர் கார்ல வந்தது உண்மையா?" என்று கேட்டார்.

"உண்மைதாங்க" என்றார் அவர். "கார்லதான் வந்தாங்க. நான் அதை அவங்க மூஞ்சிக்கு நேராவே கேட்டேன். ஆனா திரும்பிப் போறப்போ அவர் கதவைத் திறந்து விட்டும் ஏறலை. தனியா நடந்து போனாங்க. அதையும் பாத்தேங்க."

புகார் தள்ளுபடியானது. வேறு அதிகாரி போய்ப் பார்த்து வாய்க்காலைக் கண்டுபிடித்தார், மனைப் பிரிவுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதன் பிறகு பணி ஓய்வு பெறும்வரை இடம் பார்க்க டவுன் பஸ்ஸில்தான் போனேன்.

அன்று நான் நடந்தது தைரியத்தால் என்று பலரும் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரியும், அது பயம். ஆனால் அந்தத் தம்பதி, வாயைத் திறந்தால் தங்கள் வீட்டுக் கனவு போய்விடும் என்று தெரிந்தே வந்து, எனக்காகப் பேசினார்கள். அவர்களுக்கு வேறு மனை கிடைத்ததா என்று கேட்க அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை, அந்த ஒன்றுக்காக மட்டும் என்னை நானே இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.