மேட்டுத் தெருவில் ஏறிய கடல்

அன்பரசு ஜெயராணியை முதன்முதலில் பார்த்தது 2010-இல், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிளக்ஸ் கடையில். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இறந்துபோன ஒரு பெரியவர் படத்தில் கண்ணுக்குக் கீழிருந்த கருவளையத்தை அழித்துக்கொண்டிருந்தாள். அன்பரசு புவனகிரிப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. அவன் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதை யாரும் கேட்காமலேயே சொல்லிவிடுவான். பருவநிலை மாற்றத்தைப் பற்றிய ஓர் ஆய்வுத் திட்டத்தில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பனிப்பாறைமேல் ஒரு வெள்ளைக் கரடி நிற்கும் படத்தை நீட்டி, கருத்தரங்குக்குப் பேனர் வேண்டும் என்றான்.

"கரடி அழுவுற மாதிரி வேணுமா தம்பி, சும்மா நிக்கிற மாதிரி போதுமா?"

"எம்.எஸ்ஸி. படிச்சவன் வந்து கேட்டா கிண்டலா இருக்குதாக்கா உங்களுக்கு?"

"நானும் டிராயிங் டீச்சர் டிரெயினிங் முடிச்சவதாம்பா. தெனம் செத்தவங்க மூஞ்சிக்குப் பவுடர் போட்டுக்கிட்டு இருக்கேன்."

உண்மைதான். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து வைத்த பதிவு பழசாகிக்கொண்டே போனதே தவிர, வேலை வரவில்லை. பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கணவன் ஆரோக்கியராஜ் ஐஸ் கம்பெனியில் இருந்தான். காலையில் பஸ் ஏறி வந்து பொழுது சாயத் திரும்பினால், இடுப்பு தனியாகக் கழன்று விழுந்துவிடும்போல இருக்கும். அப்படிப்பட்டவளைத்தான் அன்பரசு தொண்டுக்குக் கூப்பிட்டான். ஊர்ச் சுவர்களில் படம் வரைய வேண்டும். பிறகு, ஆய்வு அறிக்கை அச்சாகும் முன் அதன் தமிழ் வரைவைப் படித்துக் கருத்து எழுத வேண்டும். எழுதுகிறவர் பெயரும் கருத்தும், அதற்கு ஆய்வாளர்கள் தரும் பதிலும் அறிக்கையின் பின்பக்கத்தில் அச்சாகும். பெயர் இல்லாத கருத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சுவரில் வரையலாம் என்ற ஒரே ஆசையில் அவள் ஒத்துக்கொண்டாள்.

2050 வாக்கில் பெரும்புயல் வந்தால் கடல்நீர் எதுவரை ஏறும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள். ஜெயராணியின் தெருவில் கீழ்ப்பக்க வீடுகளுக்கு முழங்கால் மட்டம். அந்த மட்டத்தில் நீலக்கோடு இழுத்து, அதற்குக் கீழே மீனும் நண்டும் வரைவதாக ஏற்பாடு. வீடு வீடாகப் போய்ப் பேசிச் சம்மதம் வாங்கியவள் ஜெயராணிதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குந்தியபடியே வரைந்தாள். முடியும் நேரத்தில், மேட்டுப்பக்கத்து வீட்டுத் தைலம்மாள் வந்து நின்றாள்.

"ஏம்மா ஜெயராணி, எங்க வூட்டுச் சொவுரு இன்னா பாவம் பண்ணுச்சி?"

"இது இனிமே வரப்போற தண்ணிக்குக் கோடு, யக்கா. உங்க வூடு மேட்டுல இருக்குது. அங்க வராது."

"சுனாமி அப்பவும் இதத்தான் சொன்னாங்க. சொவுத்துல நம்பர் போட்ட வூட்டுக்கெல்லாம் அரிசி வந்துச்சி, பாய் வந்துச்சி, மீன்புடிக்கப் படகு வந்துச்சி. எங்க சொவுத்துல எழுதல. நடையா நடந்து என் காலு தேஞ்சதுதான் மிச்சம்."

சுனாமிக்குப் பிறகு, சுவரில் பூசிய பெயிண்ட் வெறும் பெயிண்ட் என்று அந்தத் தெருவில் நம்புகிறவர் யாரும் இல்லை. ஜெயராணிக்கு விளக்கிச் சொல்லத் தெம்பில்லை. மறுநாள் விடிந்ததும் பஸ் பிடிக்க வேண்டும். மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் தைலம்மாள் கையில் கொடுத்து, "நீங்களே போட்டுக்குங்க யக்கா" என்று வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிறுக்குள் மேட்டுப்பக்கம் பூராவும் கோடு. முதல் வீட்டுக்காரர் இடுப்புயரத்தில் போட, அடுத்த வீட்டுக்காரர் ஒரு சாண் ஏற்றிப் போட்டார். தைலம்மாள் வீட்டில் கோடு ஜன்னலைத் தாண்டிவிட்டது.

"நம்ம தெருவுல கடலு மேட்டப் பாத்து ஏறுது ஜெயா" என்றான் ஆரோக்கியராஜ். அவளும் சிரித்தாள்.

மறு வருஷம் வரைவு வந்தது. பிளக்ஸ் கடையில் கரண்ட் போகும் நேரமெல்லாம் வாசலில் உட்கார்ந்து படித்தாள். அன்றைக்கெல்லாம் கரண்ட் இருந்த நேரம்தான் குறைச்சல். வாசகங்கள் கல்லுக் கல்லாக இருந்தன. நாலு பக்கம் தாண்டுவதற்குள் தலை கனத்துவிடும். அப்படித் தள்ளித் தள்ளிப் படித்து வந்தவள், ஒரு பக்கத்தில் தைலம்மாள் வீட்டுச் சுவரின் போட்டோவைப் பார்த்தாள். அவள் கடையில் இருந்த ஒரு நாளில் ஆய்வுக் குழுவிலிருந்து, கோட்டு விவரம் தெரியாத யாரோ வந்து விசாரித்திருக்கிறார்கள். சுனாமி அன்றைக்குத் தண்ணீர் வந்த மட்டம் அது என்று மேட்டுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது அப்படியே எழுத்தாகியிருந்தது: மேட்டுப்பக்கம் ஜன்னல் உயரம், கீழ்ப்பக்கம் முழங்கால் உயரம், மேட்டுப்பக்கத்துக்குத் தடுப்புச் சுவர் கட்டுவதை முதலில் பரிசீலிக்கலாம்.

அன்பரசுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, இது பொய்யி."

"நான் சொன்னா எடுபடாதுக்கா. நீங்க எழுதுனா கட்டாயம் பதில் சொல்லியாவணும். ஆனா உங்க பேரு வரும்."

"தெருவுல என்னை உசுரோட உடுவாங்களா?"

"அதுக்கு நான் இன்னாக்கா சொல்றது?"

விசாரிக்க வந்தவர் வாய்வழியாகத் தடுப்புச் சுவர் பேச்சு தெருவுக்கு அதற்கு முன்பே வந்திருந்தது. தைலம்மாள் தெருக்குழாயடியில் எல்லாரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆரோக்கியராஜ் சோற்றில் குழம்பைப் பிசைந்தபடியே சொன்னான். "உடேன். அத்தினி பக்கத்த எவன் படிக்கப் போறான்?"

"நான் படிச்சேனே."

"அந்தச் செவுரு வந்தா நமக்கும்தான நல்லது?"

"மேட்டுப்பக்கத்துக்குத்தாங்க செவுரு. நம்ம பக்கம் சுனாமியில முழங்கால் தண்ணின்னு போட்டுருக்காங்க."

அவன் பிசைவது நின்றது. அவன் அம்மாவைச் சுனாமி கொண்டுபோனது அந்தக் கீழ்ப்பக்கத்து வாசலில்தான்.

"முழங்கால் தண்ணியிலயா எங்கம்மா செத்துச்சி?" என்றான். அப்புறம் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "எழுது" என்றான்.

நாலே வரி எழுதினாள். கீழ்ப்பக்கத்துக் கோடு வரப்போகும் தண்ணீருக்கானது, சுனாமி மட்டம் அல்ல. மேட்டுப்பக்கத்துக் கோடுகள் நான் கொடுத்த பெயிண்டில் அவர்களே போட்டவை. சுனாமியில் கீழ்ப்பக்கத்தில் ஆள் முங்கும் தண்ணீர். திருத்தவும். அடியில் பெயர், தெரு, ஊர்.

2012-இல் அறிக்கை அச்சாகி வந்தது. பின்பக்கத்தில் அவள் கருத்துக்கு எதிரே பதில் இருந்தது: 'ஏற்றுக்கொள்ளப்பட்டது. இத்தெரு குறித்த பகுதி முழுவதும் நீக்கப்பட்டது.' அவள் கேட்டது திருத்தம். அவர்கள் தெருவையே எடுத்துவிட்டார்கள். மேட்டுப்பக்கமும் இல்லை, கீழ்ப்பக்கமும் இல்லை.

தைலம்மாள் வாசலில் வந்து கத்தினாள். "வந்த சொவுத்தத் திருப்பி அனுப்பிட்டியேடி! பேரு வேற போட்டுக்கிட்ட, கல்யாணப் பத்திரிகை மாதிரி!"

அன்பரசு நேரில் வந்து, அறிக்கையில் எழுதினால் மட்டும் சுவர் வந்துவிடாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அவன் படிப்பை அன்றைக்கு யாரும் மதிக்கவில்லை. ஜெயராணி உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

இப்போது அவள் வாரத்தில் சில அரைநாட்கள் அரசுப் பள்ளி ஒன்றில் பகுதிநேர ஓவிய ஆசிரியை. மற்ற நாட்களில் அதே பிளக்ஸ் கடை. வீடும் அதே வீடுதான். மேட்டுப்பக்கத்தார் அவளோடு பேசுவதில்லை. தன் தெருவை மறுபடி சேர்க்கச் சொல்லி ஆய்வுத் திட்ட அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை.