விஜி நம்பர்

ஆவடிக்கும் வேப்பம்பட்டுக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டி வளைந்து போகும் கோணத்தெருவில் யாரை எழுப்பிக் கேட்டாலும் ஒரு போன் நம்பரைத் தடங்கலில்லாமல் சொல்வார்கள். தங்கள் நம்பரை அல்ல, விஜியின் நம்பரை. ரேஷன் கார்டுக்கு அதுதான். காஸுக்கும், பேங்குக்கும், ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் அதுதான். கவுண்டரில் இருப்பவர் "நம்பர்?" என்று கேட்டு முடிப்பதற்குள், "விஜி நம்பர் போட்டுக்கோ சார்" என்பார்கள், என்னவோ தாசில்தார் பெயரைச் சொல்வது மாதிரி.

வேம்புலியைக் கட்டிக்கொண்டு விஜி அந்தத் தெருவுக்கு வந்தபோது அவள் ஒருத்திதான் பிளஸ் டூ. மற்றவர்கள் இலவசம் என்று எவன் குடை விரித்து உட்கார்ந்தாலும் அவனிடம் ஒரு சிம் வாங்குவார்கள், அடுத்த மாதம் அதைத் தொலைப்பார்கள். விஜியின் நம்பர் மட்டும் செத்ததே இல்லை. இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது, இடுப்பில் இருக்கும் குழந்தை கையில்கூட இருக்கிறது. ஆனாலும் பழகிய நம்பரை மாற்றுவது குலதெய்வத்தை மாற்றுவது போல யாருக்கும் மனசு வரவில்லை.

விஜிக்கும் அது பிடித்திருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏய் பேக்கிங்" என்பதோடு சரி. சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்தால் கதையே வேறு. வாசலில் இரண்டு பேராவது காத்திருப்பார்கள். யாரிடமும் பகிராதீர்கள் என்று அரசாங்கம் தலைப்பாடாய் அடித்துக்கொள்ளும் ஓடிபியை அவள் நடுத்தெருவில் நின்று, "இது யார்து, நாலு ஏழு ஏழு ரெண்டு?" என்று கத்துவாள். எங்கிருந்தோ ஒருத்தர் "எங்க ஊட்டுது!" என்று ஓடி வருவார்.

லேத் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வரும் வேம்புலி சிரிப்பான். "நீ இன்னா என்னியக் கட்டிகினியா, இந்தத் தெருவக் கட்டிகினியா?"

எதிர்வீட்டு முனியம்மாவுக்கு அகல்யா என்று ஒரு மருமகள் வந்தாள். விவரமான பெண். காஸ் இணைப்புக்குத் தன்னுடைய நம்பரையே கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான், விஜிக்கு முகம் சுண்டிப்போயிற்று. தண்ணீர்க் குழாயடியில் அந்தப் பெண் "அக்கா" என்று கூப்பிட்டால் காது கேட்காதவள் போல நகர்ந்தாள். முனியம்மா மருமகளைப் பிடித்து உலுக்கிவிட்டாள்.

"உனுக்கு இன்னாமே அவ்ளோ பெரிய திமுரு? விஜி நம்பருக்கு இன்னா கொறச்சல்?"

அகல்யா அழுதுகொண்டே போய் நம்பரை மாற்றிவிட்டு வந்தாள். விஜி அன்றைக்கே அவளுக்கு ஒரு கிண்ணம் வத்தக்குழம்பு கொடுத்தனுப்பினாள். ஜெயித்துவிட்டாளாம்.

மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மழைநீர்க் கால்வாய்க்கென்று தெருவைத் தோண்டினார்கள். எல்லா இடத்திலும் சிமெண்ட் மூடி போட்டவர்கள், தெரு வளைகிற இடத்தில் மட்டும் போடாமல் போய்விட்டார்கள். ஆள் ஆழத்துக்கு அது வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. பிள்ளைகள் விழுந்துவிடாமல் இருக்க வேம்புலி ஒரு கொம்பை நட்டு, சிவப்புத் துணியைக் கட்டி வைத்தான்.

அப்போதுதான் 'வாசல்' என்று ஒரு செயலி வந்திருந்தது. மனுவைத் தூக்கிக்கொண்டு யாரும் அலைய வேண்டாம், புகாரைப் போனிலேயே போடலாம். எந்தத் தெருவில் எத்தனை பேர் புகார் செய்கிறார்கள், எங்கே எவ்வளவு மழை என்று எல்லாத் தகவலையும் கணினி சேர்த்துப் பார்த்து, எங்கே முதலில் ஆள் போக வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். டிவியில் விளம்பரம் பிரமாதமாக இருந்தது.

விஜி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவிலிருந்த அத்தனை வீட்டுப் பெயரிலும் தனித்தனியாகப் புகார் போட்டாள். நம்பர் என்று கேட்ட இடத்தில் வழக்கம் போலத் தன் நம்பர். வாரா வாரம் மறுபடியும் போட்டாள்.

"தெருவே கம்ப்ளெயிண்ட் குட்த்துகீது மாமா. வராம எங்க பூடுவானுங்க?"

வரவில்லை. எதிர்ப்பக்கம் புதிதாக எழும்பிய அடுக்ககத்துக்கு வந்தார்கள். அங்கே கேட் முன்னால் ஒரு சின்னப் பள்ளம். ரோஹித் என்கிற ஐடி பையனின் கார் அதில் அடிவாங்கியது. அவன் அடுக்ககத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி போட்டான். சோபாவில் சாய்ந்தபடியே ஆளுக்கொரு போனிலிருந்து புகாரைத் தட்டிவிட்டார்கள். லாரி வந்து தார் ஊற்றிவிட்டுப் போனது. லாரி திரும்பியது கோணத்தெரு வளைவில்தான், அந்தத் திறந்த பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, தெருவும் கால்வாயும் ஒரே தண்ணீராகக் கிடந்தன. நட்ட கொம்பைக் காணவில்லை. வேலைக்குக் கிளம்பிய வேம்புலி, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் வழியாயிற்றே என்று வேறொரு கொம்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். இடம் தெரியும் என்றுதான் நினைத்தான். விஜி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கொம்பு மட்டும் மிதந்தது.

ரயில் பாதைக்கு அடியில் கால்வாய் குறுகும் இடத்தில் அவனை இழுத்துப் போட்டார்கள். கூட்டம் கூடி, வண்டிகள் நின்றுபோய், அடுக்ககத்துக் கார்கள் வெளியே போக முடியவில்லை. அவர்கள் மறுபடியும் ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். அடுத்த நாள் மூடி வந்து இறங்கியது. வேம்புலியின் சாம்பல் இன்னும் ஆறியிருக்காது.

மூடியைப் படம் எடுக்க வாசல் மையத்திலிருந்து பார்த்தசாரதி என்ற இளம் பொறியாளர் வந்தார், ஷூ நனையாமல் காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு. தெரு அவரைச் சூழ்ந்துகொண்டது. எத்தனை தடவை சொன்னோம், யாராவது எட்டிப் பார்த்தீர்களா என்று சத்தம் போட்டது. அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார்.

"இங்க பாருங்க. இந்த இடத்துக்கு உங்க தெருவுலேர்ந்து ஒரே ஒரு புகார்தான் வந்திருக்கு. ஒரே நம்பர்லேர்ந்து எத்தனை வந்தாலும் சிஸ்டம் ஒண்ணாத்தான் எடுத்துக்கும். திரும்பத் திரும்ப வந்ததால 'தொந்தரவு'ன்னு கீழ தள்ளிடுச்சு. ஆளாளுக்கு அவங்கவங்க நம்பர்ல போட்டிருந்தா, அன்னைக்கே அவசரம்னு ரெட்ல வந்திருக்கும்."

ஒரு மனிதன் ஒரு தடவை நடந்து வந்து பார்த்திருக்கக் கூடாதா என்று அவரிடம் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. எனக்கு அதுதான் ஆற மாட்டேன் என்கிறது. எல்லோரும் திரும்பி விஜியைப் பார்த்தார்கள்.

"எம் மருமவ அன்னிக்கே சொந்த நம்பர்தான் குட்த்தா," என்றாள் முனியம்மா. கூசாமல் சொன்னாள். "இவதான் மூஞ்சத் தூக்கி வச்சிகினா. புருசனயே முழுங்கிட்டா பாரு."

அகல்யா தலையைக் குனிந்துகொண்டாள். முனியம்மா சொன்னதை விஜியே மனதுக்குள் ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டாயிற்று.

மறுநாளே தெரு முழுக்க நம்பர் மாற்றக் கிளம்பியது. செத்துப் போனால்தான் புத்தி வரும் போலிருக்கிறது, அதுவும் அடுத்த வீட்டுக்காரன் செத்தால். ஆனால் 'வாசல்' செயலியில் நம்பரை மாற்ற வேண்டுமென்றால் பழைய நம்பருக்கு ஓடிபி போகும். அதைச் சொன்னால்தான் புது நம்பரை ஏற்றுக்கொள்ளும்.

காரியம்கூட முடியவில்லை. வேம்புலியின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெரு அவள் வாசலில் வரிசையில் நின்றது. விஜி சுவரில் சாய்ந்து, மடியில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன் ஒவ்வொரு தடவை சிணுங்கும்போதும் எண்ணைப் படித்தாள். வந்தவர்கள் தட்டிக்கொண்டு போனார்கள், அவள் நம்பரை அடித்துவிட்டுத் தங்கள் நம்பரைப் போட்டுக்கொண்டு. ஒருத்தரும் உள்ளே வந்து உட்காரவில்லை.

முனியம்மா வீட்டு ஓடிபியும் வந்தது. விஜி படித்தாள். குரல் வாசல்வரை எட்டவில்லை.

"இன்னாமே முணுமுணுக்கிறே," என்றாள் முனியம்மா வாசலில் நின்றபடி. "காதுல வுழல. சத்தமா சொல்லு."

விஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னாள்.