தண்ணீர் மிசினுக்குப் பக்கத்தில் கேட்ட சீனம்

என் மருமகள் சீனாவுக்குப் போய் ஒரு தவணை சீனமொழி படித்தவள். அந்த மாதங்களில் அவள் என்னோடு கதைத்த அளவுக்கு, கலியாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கதைத்ததில்லை. அத்தனையும் சீனத்தில். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

அவள் தண்ணீரூற்று என்ற ஊர்ப் பக்கத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே என் மகனுக்குக் கட்டிவைத்தோம். படிப்பை நிற்பாட்டக் கூடாது என்று அவளின் தகப்பன் கேட்டார், நாங்களும் ஓம் என்றோம். பிறகு சீனாவுக்குப் போய்ப் படிக்க அவளுக்கு இடம் கிடைத்தபோது, போகட்டும் என்று முதலில் சொன்னதும் நான்தான். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. என் தகப்பன் பருத்தித்துறைப் பக்கமிருந்து இந்த முரசுமோட்டைக்குக் காடு வெட்ட வெளிக்கிட்டபோது, நுளம்பு கடித்துக் காய்ச்சலில் சாவாய் என்று சனம் சொன்னதாம். நுளம்பு கடித்தது உண்மைதான். அவர் எண்பது தாண்டித்தான் போனார்.

அங்கே பிள்ளைக்கு ஒரு கரைச்சல் வந்தது. ஒவ்வொரு நாளும் யாரோடாவது வாய்விட்டுச் சீனம் பேசிப் பழகவேண்டும் என்று படிப்பிக்கிற அம்மா சொல்லிவிட்டா. கூடப் படிப்பவர்கள் வேறு வேறு நாட்டுப் பிள்ளைகள், அவர்களோடு பேச இவளுக்குக் கூச்சம். போனில் புருசனோடு பேசிப் பார்த்தாள். என் மகன் அறுவடை மிசின் ஓட்டுகிறவன், நல்லவன், ஆனால் சிரிப்பை அடக்கத் தெரியாதவன். ஒருநாள் பின்னேரம் போனை என்னிடம் நீட்டினான்.

"அப்பா, நீங்கள் கொஞ்சம் கேளுங்கோ. எனக்குச் சிரிப்பு நிக்குதில்லை."

"எனக்கென்னடா விளங்கப்போகுது?"

"விளங்கத் தேவையில்லை. முகத்தைக் காட்டிக்கொண்டு இருங்கோ, போதும்."

அப்படித்தான் தொடங்கியது. பின்னேரத்தில் அவள் வீடியோவில் எடுப்பாள். நான் கதிரையில் இருந்து முகத்தைக் காட்டுவேன். அவள் குனிந்துகொண்டு ஏதோ சொல்வாள். இடைக்கிடை நான் "ஓம்" என்பேன். முடிந்ததும் "சரி மாமா, வைக்கிறன்" என்பாள். அந்த ஒரு வசனம்தான் தமிழ்.

தவணை பாதி போனபோது மகன் முகம் வாடி வந்தான். பழகுவதற்கு வைத்த பேச்சுச் சோதனையில் அவள் தவறிவிட்டாளாம். கடைசிச் சோதனையிலும் தவறினால் அந்தத் தவணை முழுக்கக் கணக்கில் வராது, இங்கே வந்து இன்னொரு வருடம் இருந்து படிக்க வேண்டும்.

"பாடமெல்லாம் தெரியுமாம் அப்பா. குரல்தான் வெளியிலை வரேல்லையாம். அந்தப் பாசையிலை குரலை ஏத்த வேண்டிய இடத்திலை ஏத்தி, இறக்க வேண்டிய இடத்திலை இறக்க வேணுமாம், இல்லாட்டிச் சொல்லே மாறிப்போகுமாம். இவள் முணுமுணுக்கிறது அவைக்குக் கேக்குதில்லை."

அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனுக்கு முன்னால் குரல் எடுத்துப் பேசமாட்டாள். யாரும் சட்டம் போடவில்லை, அப்படி ஒரு பழக்கம். என் மனைவியும் என் தகப்பனிடம் அப்படித்தான். கடைசிக் காலத்தில் அவருக்குக் காது முழுக்கப் போய்விட்டது. அப்போதும் அவள் வாசலுக்கு வெளியே நின்று, மெல்லமாய், "மாமாவைச் சாப்பிட வரச்சொல்லுங்கோ" என்று என்னிடம்தான் சொல்வாள். அவர் இருந்தவரைக்கும் அவள் குரலைச் சரியாகக் கேட்டிருப்பாரோ தெரியாது. இந்தப் பிள்ளையும் அதே மாதிரி. உலகத்தில் யாருக்கு முன்னால் அவளுக்குக் குரல் வராதோ, அந்த ஆளைப் பிடித்துப் பழக இருத்திவிட்டோம்.

அடுத்த நாள் நேராகவே சொன்னேன். "பிள்ளை, கொஞ்சம் பலமாய்ச் சொல்லு." அவள் வெட்கப்பட்டு இன்னும் மெல்லமாய்ச் சொன்னாள்.

அது சிறுபோகக் காலம், மழை இல்லை, வாய்க்கால் தண்ணீரை வயலுக்கு வயல் முறை வைத்துத்தான் விடுவார்கள். எங்கள் வயல் கொஞ்சம் மேடு, வாய்க்காலில் இருந்து மிசின் வைத்துத்தான் தண்ணீர் ஏற்ற வேண்டும். ஒருநாள் எங்கள் முறைத் தண்ணீர் பின்னேரம் வந்தது. முறையை விட்டுவிட்டு வீட்டுக்குப் போக முடியாது. மிசின் ஓடும்போதே போன் அடித்தது. அது கிழட்டு மிசின், ஊரையே எழுப்பும்.

"கேக்கேல்லை பிள்ளை," என்றேன். உண்மையாகவே கேட்கவில்லை.

அவள் திரும்பச் சொன்னாள்.

"கேக்கேல்லை."

அவள் நிமிர்ந்தாள். பிறகு வந்ததே ஒரு குரல், மிசின் சத்தத்துக்கு மேலால். ஏறி இறங்கி, வளைந்து, நல்ல வடிவாக. அவளே திகைத்துப்போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இப்ப கேக்குது. நிப்பாட்டாதை," என்றேன்.

அதன்பிறகு முறை இல்லாத நாளிலும் பின்னேரமானால் மிசினைக் கயிறு இழுத்து ஓடவிட்டு அதன் பக்கத்தில் குந்தினேன். எண்ணெய் வீண்தான். அவளும் கேள்வி கேட்கவில்லை. விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் பக்கத்து வயல்காரிக்கு விளங்கவில்லை. வரம்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவ, ஒருநாள் கிட்ட வந்தா.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. மருமகள் ஏன் உங்களுக்கு இப்பிடி ஏசுறா?"

"ஏசேல்லை பிள்ளை, பாடம் சொல்லுறா."

"பாடமோ? நீங்கள் ஓம் ஓம் எண்டு தலையாட்டினதைப் பாத்தா, செய்த பிழையை ஒத்துக்கொண்ட மாதிரியெல்லோ கிடந்தது."

கதை சந்திவரைக்கும் போய்விட்டது. மகன் கோபத்தோடு வந்தான்.

"தேத்தண்ணிக் கடையிலை கேக்கிறாங்கள் அப்பா. சீனாவுக்குப் போனவள் மாமனைப் போட்டுத் தாக்குறாளாம். வீட்டுக்குள்ளை இருந்து கேக்கேலாதோ?"

"வீட்டுக்குள்ளை இருந்தா அவளுக்குக் குரல் வராது. அவங்கள் சொல்லிப்போட்டுப் போகட்டும்."

சோதனைக்கு முதல்நாள் அவள் கனநேரம் பேசினாள். கையை ஆட்டிப் பேசினாள். ஒரு இடத்தில் சிரித்தாள், நானும் சிரித்தேன். எதற்கென்று இன்றைக்கும் தெரியாது. சோதனையன்று போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. நான் வரம்பு கட்டப் போய், கட்டிய வரம்பையே திரும்ப வெட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள் பின்னேரம் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது எடுத்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.

"மாமா, பாஸ். குரலுக்குத்தான் கூடப் புள்ளி போட்டிருக்கினம்."

"கேக்கேல்லை பிள்ளை."

"பாஸ் மாமா, பாஸ். உங்களுக்குக் கேட்டிருக்கும், சும்மா சொல்லாதேங்கோ," என்று மிசின் சத்தத்துக்கு மேலால் கத்தினாள்.

பக்கத்து வயல்காரி வரம்பில் நிமிர்ந்தா.

"என்னண்ணை, இண்டைக்கும் ஏச்சோ?"

"ஓம் பிள்ளை," என்றேன். "இண்டைக்குத் தமிழிலை."