சீமைக்குப் போன வெள்ளி நாக்கு

வியாகுலம்மாள் சீமைக்குக் கொண்டுபோன மூட்டையில் வெள்ளியில் செய்த காது ஒன்று இருந்தது. அந்தக் காது என்னுடையது. புருஷன் தன் பேச்சைக் கேட்பதில்லை என்று என் மனைவி ஃப்ளோரன்ஸ் மாதாவுக்கு நேர்ந்துகொண்டு, தட்டானிடம் சொல்லிச் செய்தது. ஆகையால் இந்தக் கதையைச் சொல்ல ராயபுரத்தில் என்னைவிட உரிமை உள்ளவன் கிடையாது. பெயர் கஸ்பார், துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா.

வியாகுலம்மாள் எங்கள் அடுத்த வீடு. ரயில்வே துரை ஒருவரின் பங்களாவில் ஆயா. அவள் புருஷன் சவரிநாதன் துறைமுகத்தில் படகுக்காரன்.

இருபத்திரண்டாம் வருஷம் சவரிநாதன் சொந்தமாக ஒரு படகு வாங்கினான். வாங்கியவன் சும்மா இருந்தானா? எண்ணூரில் பூசை வைக்கப் போகிற சாமியாரையும் எங்களில் பத்துப் பேரையும் கடல் வழியாகவே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன் என்று கிளம்பிவிட்டான். திருவொற்றியூர் வரையில் ஒன்றும் குறையில்லை. முகத்துவாரக்குப்பத்துக்கு எதிரே படகு நாலு ஆட்டம் ஆடியது. வியாகுலம்மாள் காலையில் தின்ற ஆப்பம் முழுவதையும் சாமியாரின் வெள்ளை அங்கியில் திருப்பிக் கொடுத்தாள். அத்தோடு விட்டிருக்கலாம். வாயைத் துடைத்துக்கொண்டு, எல்லார் முன்னிலையிலும் ஆரம்பித்தாள்.

“ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டியிருந்தா எனுக்கு ஏன் கொமட்டப் போவுது? உனுக்கெல்லாம் இன்னாத்துக்குய்யா படகு?”

படகுக்காரனைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல். மறுநாளிலிருந்து சவரிநாதன் துடுப்பைத் தொட்டால் போதும், “மாமு, ஆப்பம் பத்தரம்!” என்று துறைமுகமே கத்தும். நானும் கத்தியிருக்கிறேன், மறைப்பானேன்.

அன்று பெண்டாட்டியிடம் பேச்சை நிறுத்தியவன்தான், நாலு வருஷம் வாயைத் திறக்கவில்லை. ஊரிலே எல்லாரிடமும் பேசுவான். வீட்டில் அடுப்பைப் பார்த்து, “சோறு வேவல போலகீது” என்பான். கதவைப் பார்த்து, “நாளைக்கி வர லேட்டாவும்” என்பான். அவள் அழுது பார்த்தாள், கத்திப் பார்த்தாள். சண்டை போடுவதற்காவது எதிரில் ஓர் ஆள் வேண்டாமா? கதவோடு எத்தனை நாள் சண்டை போடுவது?

இருபத்தாறில் துரைசாணி பிள்ளைகளோடு சீமைக்குப் புறப்பட்டாள், கூட வா என்று வியாகுலம்மாளைக் கூப்பிட்டாள். எண்ணூருக்கே அந்தப் பாடு பட்டவள் சீமைக்கா போவாள்? மாட்டேன் என்றுதான் சொன்னாள். நடுவில் என் மனைவி புகுந்தாள்.

“நம்ப மாதாகிட்ட கூட்டம் ஜாஸ்திக்கா. யாரு மனு எங்க கீதுன்னு அதுக்கே தெர்யாது. அங்க எட்நூறு வர்சத்துக் கோயிலு கீதாமே, துரைசாணி ஊரு கடலோரத்துல. அங்க குட்த்தா ஒடனே காரியம் ஆவும்.”

அங்கே இருப்பவர்கள் புரொட்டஸ்டண்டுப் பதிதர்கள், நம் பூசைக்கும் மாதாவுக்கும் ஆகாதவர்கள் என்றேன். “பதிதனுங்க நேத்து வந்தவனுங்க. எட்நூறு வர்சம்னா அது நம்ப கோயிலுதான்” என்றாள். சரித்திரப்படி அவள் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று.

தெருப் பெண்கள் ஆளுக்கொரு நேர்ச்சைச் சாமான் கொண்டுவந்து கொடுத்தார்கள். கண், தொட்டில், மூட்டுவலிக்காரி தேவப்பிரியத்தின் கால், என் காது. வியாகுலம்மாள் தன் பங்குக்கு ஒரு நாக்குச் செய்யச் சொன்னாள். யாருடைய நாக்கு என்று தட்டான் மூன்று தரம் கேட்டானாம். இதில் ஒரு சட்டம் உண்டு. நேர்ச்சைச் சாமான் வாசற்படி தாண்டினால் கோயிலுக்குத்தான் போகவேண்டும், வீடு திரும்பினால் கேட்டது கிடைக்காது.

புறப்பட்ட அன்று சவரிநாதன் கதவைப் பார்த்து, “பொட்டில எலுமிச்சம்பயம் வெச்சிகீது” என்றான். அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குதிரை வண்டியில் ஏறினாள்.

துரைசாணியின் ஊரைப் பற்றி அவள் பிற்பாடு சொன்னதை நான் முழுவதும் நம்பவில்லை. கடற்கரையில் மணலே கிடையாதாம், கூழாங்கல்லாம். கரையே வெள்ளைச் சுவர் மாதிரி பனைமர உயரத்துக்கு நிற்குமாம். ஜனங்கள் வாடகைக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு கடலைப் பார்ப்பார்களாம்.

“மீன் புடிக்கலியா?” என்று ஃப்ளோரன்ஸ் கேட்டாள்.

“அய்ய, சும்மா பாக்கறாங்க. காத்தால பாக்கறாங்க, காபி குட்ச்சிட்டு வந்து மறுபடியும் பாக்கறாங்க. கடலு எங்கியும் ஓடிப்போவல.”

கோயில் அந்த வெள்ளைச் சுவரின் உச்சியில் இருந்தது. துரைசாணி சொன்ன வாக்குத் தவறாமல் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே கருங்கல் தூண்கள், கண்ணாடி ஜன்னல்கள், தரையில் செத்துப்போன பிரபுக்களின் பெயர்கள். எல்லாம் இருந்தன, மாதா இல்லை. அந்தோணியார் இல்லை. மெழுகுவத்தி ஏற்ற ஓர் இடம் இல்லை. சுவரில் சுரூபம் வைக்கிற மாடம் மட்டும் வெறுமையாக இருந்தது. மாதா எங்கே என்று தனக்குத் தெரிந்த பங்களா இங்கிலீஷில் கேட்டாள். ராஜாவின் ஆட்கள் நானூறு வருஷத்துக்கு முன்னால் எடுத்துவிட்டார்கள் என்றாள் துரைசாணி. “நானூறு வருஷமாகவா திருப்பி வைக்கவில்லை?” என்று இவள் கேட்டதும் துரைசாணி வாசலைப் பார்த்து நடந்துவிட்டாளாம்.

மாடத்துக்கு முன்னால் மூட்டையோடு நின்று அழுதிருக்கிறாள். ஆள் இல்லாத வீட்டில் யாரை நம்பி வைத்துவிட்டு வருவது? நாக்கு, காது, கால் எல்லாவற்றையும் இடுப்பில் முடிந்துகொண்டு திரும்பக் கப்பல் ஏறினாள்.

இங்கே வந்தால் விபரீதம் காத்திருந்தது. கேட்டது பலித்திருந்தது! தேவப்பிரியம் கோல் இல்லாமல் நடந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் ஒரு நாள் ஃப்ளோரன்ஸ் கூப்பிட்டதும் தப்பித்தவறி எழுந்து போயிருந்தேன். புதுமை, மாதா செய்த அற்புதம் என்று அவள் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள்.

“அந்த ஊரு மாதா எப்டிக்கா கீது?”

“நல்லா கீது” என்றாள் வியாகுலம்மாள். உண்மையைச் சொன்னால் தேவப்பிரியத்தின் கால் மறுபடி மடங்கிவிடுமோ என்று அவளுக்குப் பயம். மூட்டை அவள் இடுப்பிலேயே இருந்தது.

அவள் கேட்டது மட்டும் நடக்கவில்லை. அவள் வாசலில் கால் வைத்த அன்றும் சவரிநாதன், “வெந்நி காஞ்சிகீது” என்று அடுப்பிடம்தான் சொன்னான். ஒரு வாரம் பார்த்தாள். பொய் சொன்ன வாய்க்கு மாதா எப்படி இரங்குவாள் என்று அவளே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் மாதா காலடியில் முந்தானையை அவிழ்த்து அத்தனையையும் கொட்டினாள்.

“அந்தக் கோயில்ல மாதாவே கெடியாது. நான் சொன்னது பொய்யி. உங்க சாமான் தோ கீது.”

கோயில் மீன் மார்க்கெட் ஆயிற்று. தேவப்பிரியம் நின்ற இடத்திலேயே நொண்ட ஆரம்பித்தாள். கள்ளி என்றாள் ஒருத்தி, பதிதச்சி என்றாள் இன்னொருத்தி. ஃப்ளோரன்ஸ் காதைக் கையில் எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“அப்போ அன்னிக்கி நீ இன்னாத்துக்கு எய்ந்து வந்தே?”

அது எனக்கே தெரியாது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சவரிநாதன் வந்தான். குவியலில் கிடந்த நாக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அது யாருடையது என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. கோயிலில் அடுப்பு இல்லை, கதவும் தூரத்தில் இருந்தது. பெண்டாட்டி முகத்தைப் பார்த்தான்.

“கப்பல்ல வாந்தி எட்த்தியா?”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எட்த்தேன்.”

“எத்தினி நாளு?”

“போவச்சொல்லோ முப்பது, வரச்சொல்லோ முப்பது. ஒரு நாளு மிச்சம் இல்லய்யா.”

“பெரிய கப்பலா?”

“நம்ப தெரு அத்தினி.”

“ஓட்டனவன் யாரு?”

“வெள்ளக்காரன். சட்டக் கையில நாலு பட்ட போட்டுகினு.”

சவரிநாதன் நிதானமாகத் திரும்பி எங்களைப் பார்த்தான். ஆப்பம், ஆப்பம் என்று கத்தின ஒவ்வொருவனையும் பார்த்தான். என் மேல் பார்வை கொஞ்சம் அதிகமாகவே நின்றது.

“அப்போ அவுனுக்கும் ஓட்டத் தெர்ல” என்றான்.

“உனுக்குத் தெரியும்யா” என்று வியாகுலம்மாள் ஓவென்று அழுதாள். “என் வவுறுதான்யா சரியில்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

அவன் நாக்கை மாதா காலடியிலேயே வைத்தான். “வா, வூட்டுக்குப் போலாம்” என்றான்.

அன்று மத்தியானமே அடுத்த வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது. எலுமிச்சம்பழத்தில் தொடங்கி சாமியாரின் அங்கி வரைக்கும், நாலு வருஷத்துச் சண்டை. பாத்திரம் உருளுகிறது, அவன் ஒன்று சொல்ல அவள் ஒன்பது சொல்கிறாள். நடுவில் யாரோ சிரிக்கிற சத்தம்.

“போயி இன்னான்னு கேளேன்” என்றாள் ஃப்ளோரன்ஸ்.

என் காதில் விழவில்லை.